சைட்மேப் கொடுத்தும் பக்கங்கள் இண்டெக்ஸ் ஆகவில்லை: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கயல்வலை

வேர்ட்பிரஸில் இயங்கும் கட்டுரைத் தளம். சைட்மேப்பில் (தளத்தின் முகவரிப் பட்டியல் கோப்பு) 600க்கு மேல் முகவரிகள் இருக்கின்றன. கூகுளின் சர்ச் கன்சோல் (தளம் நடத்துபவருக்கான அறிக்கைக் கருவி) அதை வெற்றிகரமாகப் படித்ததாகவே காட்டுகிறது. ஆனால் பக்க அறிக்கையில் இண்டெக்ஸ் ஆனவை, அதாவது கூகுளின் தேடல் தொகுப்பில் சேர்ந்தவை, நூற்றுக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதி "கண்டறியப்பட்டது, தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை" என்ற வரிசையில் கிடக்கிறது. ஒரு பகுதி "கிரால் செய்யப்பட்டது, தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை". கொஞ்சம் "டூப்ளிகேட்" என்கிறது. இண்டெக்ஸ் கோரிக்கை கொடுத்துப் பார்த்தும் அசைவில்லை.

கட்டுரை முகவரிகள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. அதுவும் ஒரு காரணமாக இருக்குமா? எந்த வரிசையில் சோதிக்க வேண்டும்?

தளத்தச்சன்

கோரிக்கைப் பொத்தானை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரே முகவரிக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தாலும் வரிசையில் முன்னால் போகாது. நாளொன்றுக்கு வரம்பும் உண்டு. புதிதாக வெளியிட்ட ஓரிரு பக்கங்களுக்கு அது உதவும். நூற்றுக்கணக்கில் தேங்கியிருக்கும்போது காரணத்தைத்தான் தேட வேண்டும்.

நீங்கள் சொன்ன மூன்று நிலைகளும் மூன்று வேறு நோய்கள். ஒரே மருந்து கொடுக்க முடியாது.

"கண்டறியப்பட்டது" என்றால் முகவரி இருப்பது கூகுளுக்குத் தெரியும், இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை. பக்கத்துக்குள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதே அதற்குத் தெரியாது. அதனால் அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதுவதால் நேரடியாக எதுவும் மாறாது. சர்வர் பளு தாங்காது என்று கூகுள்பாட் (பக்கங்களை எடுத்துப் பார்க்கும் கூகுளின் நிரல்) தள்ளிப்போட்டிருக்கலாம். அல்லது தளத்தில் அது ஏற்கெனவே பார்த்த பக்கங்களை வைத்து, மீதியை எடுக்க அவசரமில்லை என்று முடிவு செய்திருக்கலாம். அல்லது அந்தப் பக்கத்துக்கு சைட்மேப்பைத் தவிர வேறெங்கிருந்தும் இணைப்பே இல்லாமல் இருக்கலாம்.

"கிரால் செய்யப்பட்டது" என்றால் எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டது. இங்கேதான் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு பத்தியும் மூன்று விளம்பரமுமாக இருக்கிறதா, வேறு பக்கத்தில் சொன்னதையே சொல்கிறதா, ரெண்டர் ஆனபோது, அதாவது கூகுள் பக்கத்தை பிரௌசர்போல் வரைந்து பார்த்தபோது, பாதி காலியாக வந்ததா?

"டூப்ளிகேட்" என்பது கேனானிக்கல் பிரச்சினை, அதாவது ஒரே பக்கத்தின் பல முகவரிகளில் எது முதன்மை என்ற குழப்பம். தமிழ் முகவரி பற்றிய உங்கள் கேள்வியும் அங்கேதான் வரும்.

சைட்மேப்பின் "வெற்றி" என்பது கோப்பைப் படிக்க முடிந்தது என்ற அளவில்தான். உள்ளே இருக்கும் முகவரிகளை இண்டெக்ஸ் செய்வதாக அது வாக்குக் கொடுக்கவில்லை.

முதல் வேலை: ஒவ்வொரு நிலையிலிருந்தும் ஐந்தாறு முகவரிகளை எடுத்து முகவரி ஆய்வுக் கருவியில் போடுங்கள். கடைசியாக கிரால் செய்த தேதி, பக்கம் எடுக்க முடிந்ததா, நீங்கள் அறிவித்த கேனானிக்கல், கூகுள் தேர்ந்த கேனானிக்கல், இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நேரடிச் சோதனையை ஓட்டி, அது காட்டும் எச்டிஎம்எல்லையும் திரைப்பிடிப்பையும் பாருங்கள். உங்கள் பிரௌசரில் தெரிவதும் அங்கே தெரிவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

"site:" என்ற குறியோடு தள முகவரியைப் போட்டு கூகுளில் தேடி எண்ணிக்கை பார்க்காதீர்கள். அந்த எண் தோராயமானது. அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

பதிவேடு

கண்டறியப்பட்ட நிலையில் இவ்வளவு தேங்கியிருந்தால் சர்வர் பக்கத்தை முதலில் பார்ப்பேன். சர்ச் கன்சோல் அமைப்புகளுக்குள் கிரால் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது. பலர் திறப்பதே இல்லை. கடந்த 90 நாள் விவரம் அதில் வரும். பார்க்க வேண்டியவை: சராசரி பதில் நேரம் ஏறிக்கொண்டே போகிறதா, 5ல் தொடங்கும் பிழைகள் எத்தனை சதவீதம், "புதிய கண்டுபிடிப்பு" என்ற நோக்கத்தில் வந்த கோரிக்கைகள் எவ்வளவு, "புதுப்பித்தல்" எவ்வளவு.

பதில் நேரம் கூடினாலோ 500, 503, 429 ஆகிய பிழைக் குறிகள் வந்தாலோ கூகுள்பாட் தானாகவே வேகத்தைக் குறைக்கும். பராமரிப்புக்காக ஓரிரு மணி நேரம் 503 கொடுப்பதில் பாதகமில்லை. இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் இண்டெக்ஸில் இருக்கும் பக்கங்களே விழத் தொடங்கும். கிரால் வேகத்தை நாமே கட்டுப்படுத்தும் பழைய கருவியை 2024 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். ஆகவே சர்வர் கொடுக்கும் பதில்தான் இப்போது நம் கையில் இருக்கும் கடிவாளம்.

அடுத்து சர்வர் லாக் (யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவு). கூகுள்பாட் என்ற பெயரில் வருவதெல்லாம் கூகுள்பாட் ஆகாது. ஐபி முகவரிக்குத் தலைகீழ் டிஎன்எஸ் தேடல் (ஐபியிலிருந்து பெயரைக் காண்பது) போடுங்கள், பெயர் கூகுள்பாட்.காம் அல்லது கூகுள்.காம் என்று முடிய வேண்டும். பிறகு அந்தப் பெயருக்கு நேர்த் தேடல் போட்டால் அதே ஐபி திரும்ப வர வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் அசல். கூகுள் தன் ஐபி பட்டியலையும் ஜேசன் கோப்பாக வெளியிடுகிறது. நிறைய வரிகளைச் சலிக்க அது எளிது.

இதில் அடிக்கடி சிக்குவது சிடிஎன் (தளத்துக்கு முன்னால் நின்று பக்கங்களைப் பரிமாறும் சர்வர் வலை) அல்லது பாதுகாப்பு பிளக்இன். போலி பாட்களைத் தடுக்கிறேன் என்று அசல் கூகுள்பாட்டுக்கே 403 (அனுமதி மறுப்பு) கொடுக்கும். இன்னும் மோசமானது, "நீங்கள் மனிதர்தானா" என்று கேட்கும் இடைப்பக்கத்தை 200 (எல்லாம் சரி) நிலைக் குறியோடு அனுப்புவது. கூகுளுக்கு எல்லா முகவரியிலும் அந்த ஒரே இடைப்பக்கம்தான் தெரியும். எல்லாம் ஒன்றுக்கொன்று நகல் என்று முடிவு செய்துவிடும். உங்கள் பிரௌசரில் எவ்வளவு பார்த்தாலும் இது பிடிபடாது. நேரடிச் சோதனையின் எச்டிஎம்எல்லில்தான் தெரியும்.

கயல்வலை

நன்றி. பார்த்துவிட்டேன். 403 எதுவும் இல்லை, நேரடிச் சோதனையில் பக்கம் முழுதாக வருகிறது. பதில் நேரம் மட்டும் சற்று அதிகம், சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன்.

கிரால் புள்ளிவிவரத்தில் வேறொன்று தெரிந்தது. கூகுள்பாட் எடுப்பதில் பெரும்பகுதி குறிச்சொல் பக்கங்களும் தளத்தின் உள்தேடல் பக்கங்களும். கட்டுரைகளுக்கு வருவது குறைவு. குறிச்சொல் பக்கங்களில் நோஇண்டெக்ஸ் (இண்டெக்ஸில் சேர்க்காதே என்ற குறி) போட்டு, ரோபாட்ஸ் கோப்பிலும் (robots.txt, பாட்கள் எங்கே போகலாம் என்று சொல்லும் கோப்பு) தடுத்துவிட்டால் இரட்டைப் பாதுகாப்பு ஆகிவிடும் அல்லவா?

மதிநிரல்

வேண்டாம், இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. ரோபாட்ஸ் கோப்பில் தடுத்தால் கூகுள்பாட் பக்கத்தைத் திறக்காது. திறக்காவிட்டால் உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸ் அதன் கண்ணில் படாது. வேறெங்கிருந்தாவது இணைப்பு இருந்தால் முகவரி மட்டும் இண்டெக்ஸில் வந்து உட்கார்ந்துவிடும். விவரம் எதுவும் இல்லாமல் முடிவுகளில் தோன்றும். "ரோபாட்ஸ் கோப்பு தடுத்தும் இண்டெக்ஸ் செய்யப்பட்டது" என்று சர்ச் கன்சோல் தனி வரியாகவே இதைக் காட்டும்.

தேடல் முடிவில் வரக் கூடாது என்றால் நோஇண்டெக்ஸ், ரோபாட்ஸ் கோப்பைத் திறந்து விடுங்கள். கூகுள்பாட் அங்கே போய் நேரத்தைச் செலவிடவே கூடாது என்றால் ரோபாட்ஸ் தடை. ஏற்கெனவே இண்டெக்ஸில் இருப்பவற்றை எடுக்க வேண்டுமானால் முதலில் நோஇண்டெக்ஸ் மட்டும் போட்டு, அவை விழுந்த பிறகுதான் தடை.

ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் வரி எழுதும் பழக்கம் இன்னும் சில பழைய வழிகாட்டிகளில் இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் அதை மதிப்பதில்லை.

இந்தக் கோப்பைப் பற்றி இன்னும் சில எண்கள் தெரிந்திருப்பது நல்லது. கூகுள் முதல் 500 கிபிபைட் வரைதான் படிக்கும். பொதுவாக 24 மணி நேரம் வரை பழைய பிரதியை வைத்திருக்கும், அதனால் மாற்றியவுடனே விளைவை எதிர்பார்க்காதீர்கள். கோப்பு இல்லாமல் 404 வந்தால் தடையே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் 500 வகைப் பிழை வந்தால் கதை வேறு: முதல் 12 மணி நேரம் தளம் முழுவதையும் கிரால் செய்வதையே நிறுத்திவிடும், பிறகு கடைசியாகக் கிடைத்த நல்ல பிரதியை 30 நாள் வரை பயன்படுத்தும். எல்லாப் பக்கமும் சரியாக இருந்து இந்த ஒரு கோப்பு மட்டும் பிழை கொடுத்தால் தளமே முடங்கும்.

உள்தேடல் பக்கங்களுக்கு ரோபாட்ஸ் தடையே சரி. அவற்றின் முகவரிகளுக்கு முடிவே கிடையாது.

வேர்ட்பிரஸில் "தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்" என்ற தேர்வுப் பெட்டி, வாசிப்பு அமைப்புகளுக்குள், டிக் இல்லாமல் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 5.3 பதிப்பிலிருந்து அது ஒவ்வொரு பக்கத்திலும் நோஇண்டெக்ஸ் போடுகிறது.

தளத்தச்சன்

குறிச்சொல் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் நோஇண்டெக்ஸ் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நோஇண்டெக்ஸ் நீண்ட நாள் இருந்தால் கூகுள் அந்தப் பக்கத்துக்கு வருவது குறையும், அதிலிருக்கும் இணைப்புகளைப் பின்தொடர்வதும் காலப்போக்கில் நின்றுவிடும். பழைய கட்டுரைகளுக்குப் போகும் ஒரே வழி குறிச்சொல் பக்கம்தான் என்றால், அந்தக் கட்டுரைகள் அனாதையாகிவிடும்.

ஒரே ஒரு கட்டுரை மட்டும் உள்ள குறிச்சொற்களை நீக்கிவிடுங்கள், அவைதான் குப்பை. பத்துப் பதினைந்து கட்டுரைகள் சேர்ந்த தலைப்புகளை வைத்துக்கொண்டு, மேலே ஒரு நல்ல அறிமுகம் எழுதுங்கள்.

மதிநிரல்

ஒற்றைக் கட்டுரைக் குறிச்சொற்களை நீக்குவதை ஏற்கிறேன். ஆனால் கட்டுரைக்குப் போகும் வழியாகக் குறிச்சொல் பக்கத்தை நம்புவதே பலவீனமான அமைப்பு. வகைப் பக்கம், அதற்குள் எண்ணிட்ட பக்கங்கள், ஒவ்வொரு கட்டுரையின் உடலுக்குள்ளும் தொடர்புள்ள மூன்று நான்கு கட்டுரைகளுக்கு இணைப்பு என்று இருந்தால் குறிச்சொல் இருந்தாலும் போனாலும் ஒன்றுதான்.

"மேலும் காட்டு" பொத்தான் மட்டும் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கூகுள்பாட் பொத்தானை அழுத்தாது. உண்மையான நங்கூர இணைப்பு, அதற்குள் முகவரி, இது இருந்தால்தான் அடுத்த பக்கத்துக்குப் போகும்.

நுண்ணெழுத்து

தமிழ் முகவரிக் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. தமிழ் எழுத்து இருப்பதால் மட்டும் இண்டெக்ஸ் ஆகாமல் போகாது. யூடிஎப்-8 முறையில் சதவீதக் குறியாக மாற்றிய முகவரியைத் தேடுபொறிகள் சரியாகவே எடுத்துக்கொள்கின்றன. சிக்கல் வேறு இரண்டு இடத்தில் வருகிறது.

முதலாவது நீளம். ஒரு தமிழ் யூனிகோட் குறி 3 பைட். சதவீதக் குறியில் 9 எழுத்து. "தேடுபொறி" கண்ணுக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் 8 குறிகள், முகவரியில் 72 எழுத்து. வேர்ட்பிரஸ் பக்கப் பெயருக்கு 200 எழுத்துதான் இடம் தருகிறது. அதாவது 22 யூனிகோட் குறிகள், ஏறத்தாழ இரண்டு மூன்று சொற்கள். அதற்கு மேல் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஒரே சொற்களில் தொடங்கும் தலைப்புகள் எல்லாம் ஒரே பெயராகி, பின்னால் 2, 3 என்று ஒட்டிக்கொள்ளும். இண்டெக்ஸுக்கு அது தடையில்லை, ஆனால் முகவரி எதையும் சொல்லாது. தலைப்பை அப்படியே விடாமல் பெயரை நீங்களே இரண்டு சொல்லில் எழுதுங்கள்.

இரண்டாவது ஒருங்குறி வேறுபாடு. உங்கள் டூப்ளிகேட்களில் சில இதனால் வந்திருக்க வாய்ப்புண்டு. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட் அளவில் வேறு, ஆகவே முகவரியும் வேறு. சில பழைய தட்டச்சு முறைகளும் பிடிஎப்பிலிருந்து நகலெடுத்த உரையும் இரண்டாவது வடிவத்தைக் கொண்டுவரும். ஒரு கட்டுரை ஒரு வடிவத்தில் வெளியாகி, உள் இணைப்பு மற்ற வடிவத்தில் போயிருந்தால் ஒன்று 404 ஆகும், அல்லது தளம் இரண்டுக்கும் ஒரே பக்கத்தைக் கொடுத்து நகலாகும்.

மருந்து: பெயரைச் சேமிக்கும் முன் என்எப்சி இயல்பாக்கம் (பிரிந்த குறிகளை ஒரே சேர்ந்த வடிவமாக்கும் யூனிகோட் முறை) செய்யுங்கள். பிஎச்பியில் நார்மலைசர் வகுப்பு இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் என்எப்சி கை கொடுக்காது. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் "ள" எழுத்தும் தட்டச்சு செய்திருந்தால் அது வேறு எழுத்தாகவே நிற்கும். "ஸ்ரீ" எழுத்தும் அப்படியே. இரண்டு வேறு மெய்களைக் கொண்டு எழுதப்படுகிறது, பல எழுத்துருக்களில் ஒரே மாதிரி தெரியும். இவற்றைக் கையால்தான் தேடித் திருத்த வேண்டும்.

திருத்திய பிறகு பழைய வடிவத்திலிருந்து புதியதற்கு 301 (நிரந்தர ரீடைரக்ட், அதாவது புதிய முகவரிக்குத் திருப்பிவிடுவது).

மதிநிரல்

இதோடு கேனானிக்கலையும் சொல்லிவிடுகிறேன். அது கட்டளை கிடையாது, ஒரு குறிப்பு. கேனானிக்கல் ஒரு முகவரியையும், சைட்மேப் இன்னொன்றையும், உள் இணைப்புகள் மூன்றாவதையும் காட்டினால் கூகுள் தானே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். நான்கும் ஒரே குரலில் பேச வேண்டும்: 301, கேனானிக்கல், சைட்மேப், உள் இணைப்பு. எச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ உண்டா இல்லையா, கடைசியில் சாய்கோடு உண்டா இல்லையா, எல்லாம் ஒரே முடிவில். கேனானிக்கலில் முழு முகவரி எழுதுங்கள், பாதி முகவரி வேண்டாம்.

நகல் பக்கத்தில் நோஇண்டெக்ஸும் வேறு பக்கத்துக்கான கேனானிக்கலும் சேர்ந்து இருந்தால் முரண்பட்ட செய்தி. ஒன்றை வையுங்கள்.

ரீடைரக்ட் ஒரே தாவலில் முடியட்டும். கூகுள்பாட் 10 தாவல் வரை பின்தொடரும், அதற்காகச் சங்கிலி விட வேண்டியதில்லை.

இளந்தளம்

இடையில் ஒரு கேள்வி. கூகுளின் இண்டெக்ஸிங் ஏபிஐ (நிரல் மூலம் முகவரிகளை அனுப்பும் வழி) வழியாக நாளுக்கு 200 முகவரி அனுப்பலாம் என்கிறார்கள். அதற்கென்று பிளக்இன் கூட இருக்கிறது. கயல்வலை அதைப் பயன்படுத்தினால் வேலை சீக்கிரம் முடியாதா?

தளத்தச்சன்

அந்த ஏபிஐ வேலைவாய்ப்பு அறிவிப்புக்கும் நேரலைக் காணொளிப் பக்கங்களுக்கும் மட்டும் என்று கூகுள் எழுதியே வைத்திருக்கிறது. கட்டுரைப் பக்கத்தை அனுப்பினால் சில சமயம் கூகுள்பாட் வந்து பார்க்கும். தகுதியில்லை என்று வைத்த பக்கம் அதனால் தகுதி பெறாது. காசு வாங்கிக்கொண்டு இண்டெக்ஸ் செய்து தருவதாகச் சொல்லும் சேவைகளிலும் பல இதைத்தான் செய்கின்றன. பணத்தை உள்ளடக்கத்தில் போடுங்கள்.

சைட்மேப் மாறியதும் கூகுளுக்குத் தானாகத் தகவல் அனுப்புவதும் (ping) முடிந்த கதை. 2023 ஜூனில் நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள்.

கூகுளைத் தவிர மற்றவற்றுக்கு, மாறிய முகவரிகளைத் தெரிவிக்க இண்டெக்ஸ்நௌ என்ற முறை இருக்கிறது. 2021 அக்டோபரில் மைக்ரோசாப்ட் பிங் (Bing), யாண்டெக்ஸ் என்ற இரண்டு தேடுபொறிகளும் சேர்ந்து அதைத் தொடங்கின. 8 முதல் 128 எழுத்து நீளமுள்ள ஒரு சாவியை உருவாக்கி, அதே பெயரில் உரைக் கோப்பாகத் தளத்தின் வேரில் வைத்துவிட்டு, மாறிய முகவரிகளை அனுப்ப வேண்டும். ஒரு கோரிக்கையில் 10,000 முகவரி வரை போகும். ஒரு தேடுபொறிக்கு அனுப்பினால் அதில் சேர்ந்த மற்றவற்றுக்கும் தகவல் போய்விடும். கூகுள் இதில் இல்லை. நீக்கிய பக்கங்களையும் அனுப்பலாம்.

பதிவேடு

சைட்மேப் பற்றி ஒரு வார்த்தை. முன்னுரிமை, மாறும் இடைவெளி இரண்டு புலங்களையும் கூகுள் பார்ப்பதில்லை. கடைசியாக மாறிய தேதியைப் பார்க்கும், அது நம்பகமாக இருந்தால் மட்டும். பக்கவாட்டுப் பட்டையில் ஒரு வரி மாறியதற்கு எல்லாக் கட்டுரைக்கும் இன்றைய தேதி போடும் பிளக்இன்கள் உண்டு. அப்படிச் செய்தால் கூகுள் அந்தத் தளத்தின் தேதிகளை நம்புவதை நிறுத்திவிடும். உண்மையிலேயே திருத்திய கட்டுரைக்கும் பயன் கிடைக்காது.

ஒரு கோப்பில் 50,000 முகவரி அல்லது சுருக்காத நிலையில் 50 எம்பி என்பது வரம்பு. உங்களுக்கு வரம்பு பிரச்சினையே இல்லை, ஆனாலும் பிரித்துப் போடுங்கள்: வகை வாரியாக, அல்லது ஆண்டு வாரியாக. சர்ச் கன்சோலின் பக்க அறிக்கையை சைட்மேப் வாரியாக வடிகட்ட முடியும். எந்த வகையில் எத்தனை சதவீதம் உள்ளே போயிருக்கிறது என்று உடனே தெரியும். அறிக்கை ஒரு நிலைக்கு 1,000 முகவரிகளைத்தான் பட்டியலிடும். தளம் வளர்ந்த பிறகு இந்தப் பிரிவு இன்னும் கைகொடுக்கும்.

301 ஆகும் முகவரி, 404, நோஇண்டெக்ஸ் பக்கம் எதுவும் சைட்மேப்பில் இருக்கக் கூடாது.

கயல்வலை

ஆண்டு வாரியாகப் பிரித்ததும் படம் தெளிவாகிவிட்டது. பழைய ஆண்டுக் கட்டுரைகள்தான் உள்ளே போகவில்லை. அவற்றுக்கு உள் இணைப்பு ஏறக்குறைய இல்லை. அவற்றில் பல நான்கைந்து வரி அறிவிப்புகள். இவற்றை அழித்துவிட்டால் 404 (பக்கம் இல்லை) கொடுப்பதா, 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது) கொடுப்பதா, முகப்புக்கு ரீடைரக்ட் செய்வதா?

மதிநிரல்

முகப்புக்கு அனுப்பாதீர்கள். தொடர்பில்லாத இடத்துக்கு ரீடைரக்ட் செய்தால் கூகுள் அதை மென் 404 (404 குறி வராவிட்டாலும் இல்லாத பக்கம்) என்றே கணக்கிடும். படிக்க வந்தவருக்கும் எங்கே வந்தோம் என்று புரியாது. அதே பொருளில் நல்ல கட்டுரை இருந்தால் அதற்கு 301. இல்லாவிட்டால் 404 அல்லது 410. நடைமுறையில் இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறியது.

ஆனால் அழிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஒரே பொருளைப் பற்றிய ஐந்தாறு சிற்றறிவிப்புகளை ஒரு முழுக் கட்டுரையாகச் சேர்த்து, பழைய முகவரிகளை அதற்கு 301 செய்யலாம். தகவலும் வீணாகாது, கூகுளுக்கும் எடுத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும்.

நீக்கல் கருவியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது சுமார் 6 மாதம் முடிவுகளிலிருந்து மறைக்கும், அவ்வளவுதான். தவறி வெளியான தனிப்பட்ட தகவலை அவசரமாக மறைக்கத்தான் அது.

இளந்தளம்

என் தளம் வேர்ட்பிரஸ் இல்லை, முழுக்க ஜாவாஸ்கிரிப்ட். இதே வரிசை எனக்கும் பொருந்துமா?

பதிவேடு

பொருந்தும், கூடுதலாக நான்கைப் பாருங்கள். 2019 மே முதல் கூகுள்பாட் குரோம் பிரௌசரின் அடித்தளமான குரோமியத்தின் புதிய பதிப்பில் ரெண்டர் செய்கிறது என்பது உண்மை. ஆனால் ரெண்டர் தனி வரிசையில் நடக்கிறது. தலைப்பு, முதன்மை உரை, கேனானிக்கல் மூன்றும் சர்வரிலிருந்து வரும் முதல் எச்டிஎம்எல்லிலேயே இருக்கட்டும். முகவரியில் ஹேஷ் (#) குறிக்குப் பின்னால் வருவதை வைத்துப் பக்கங்களைப் பிரிக்காதீர்கள், அவை ஒரே பக்கமாகவே எண்ணப்படும். இல்லாத பக்கத்துக்கும் 200 கொடுத்து "கிடைக்கவில்லை" என்று எழுதிக் காட்டினால் மென் 404 குவியும். முதல் எச்டிஎம்எல்லில் நோஇண்டெக்ஸ் வைத்துவிட்டுப் பிறகு ஜாவாஸ்கிரிப்டால் நீக்கும் முறை வேலை செய்யாது. நோஇண்டெக்ஸைப் பார்த்ததும் ரெண்டர் செய்யாமலே விட்டுவிடலாம்.

மொபைல் வடிவத்தில் உரையைக் குறைத்துக் காட்டுகிறீர்களா என்றும் பாருங்கள். கூகுள் இண்டெக்ஸ் செய்வது மொபைல் வடிவத்தைத்தான்.

தளத்தச்சன்

கயல்வலை, வேலை வரிசை இப்படிப் போகட்டும்: முதலில் பதில் நேரம், ரோபாட்ஸ் கோப்பு. அடுத்து ஒற்றைக் குறிச்சொற்களை நீக்குவது, முகவரி வடிவங்களை ஒன்றாக்கி 301 போடுவது. பிறகு சிற்றறிவிப்புகளை இணைப்பது. கடைசியாக, ஏற்கெனவே இண்டெக்ஸ் ஆகி வாசகர் வரும் கட்டுரைகளிலிருந்து பழைய கட்டுரைகளுக்கு உள் இணைப்பு. கூகுள்பாட் அடிக்கடி வரும் பக்கங்கள் அவைதான் என்பதால் புதிய பாதையை அது அங்கேதான் முதலில் பார்க்கும்.

"திருத்தத்தைச் சரிபார்" பொத்தானை இவை எல்லாம் முடிந்த பிறகு அழுத்துங்கள், ரோபாட்ஸ் கோப்பை மாற்றி 24 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். இடையிலேயே அழுத்தினால் திருத்தாத ஒரு முகவரி கண்ணில் பட்டதும் சரிபார்ப்பு தோல்வி என்று நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.